சாச்சுரேஷன் 95, ஆனா குழந்தை சாம்பல் நிறம்: பச்சிளங்குழந்தையில் எதை நம்பி முடிவெடுப்பது?

பென்னாகரம் செவிலி | இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். எஸ்.என்.சி.யு.வுல (பச்சிளங்குழந்தை சிறப்புக் கவனிப்புப் பிரிவு) அடிக்கடி வர்ற ஒரு நிலைமை. 31 வாரம், 1.4 கிலோ, பிறந்து 20 மணி நேரம். பப்பிள் சிபேப் (மூக்கு வழியா விடாம காத்தழுத்தம் தர்ற கருவி) 5 செ.மீ., ஆக்சிஜன் 25 சதவீதம். மானிட்டர்ல சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் ஏறின அளவு, சதவீதத்துல) 94, 95னு நிக்குது. இதயத்துடிப்பு 175. ஆனா கை கால் சில்லுன்னு இருக்கு, நெஞ்செலும்பு மேல அழுத்தி விட்டா நிறம் திரும்ப 4 நொடி ஆகுது, 8 மணி நேரமா சிறுநீர் இல்ல, லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் பத்தலைன்னா ரத்தத்துல ஏறற பொருள்) 5. "சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு"ன்னு ஷிஃப்ட் மாத்தும்போது எழுதி வெச்சுட்டுப் போயிடறாங்க.

ரெண்டு கேள்வி. இந்த 95ஐ எவ்வளவு தூரம் நம்பலாம்? திசுவுல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டற நிர்ஸ் கருவி இருந்தா இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமா? ஓசூர் பக்கம் கம்பெனிகள் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியில கருவி தர முன்வந்தா எதைக் கேக்கறதுன்னு முடிவு பண்ணவும் உதவும்.

தகடூர் பச்சிளம் | இரவு 9.42

சிஸ்டர், 95 பொய்யில்லை. அது வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது, அதை இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்ற இரண்டும் அந்த எண்ணில் இல்லை.

கணக்காகப் போட்டுப் பாருங்கள். 100 மி.லி. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் = 1.34 × ஹீமோகுளோபின் × சாச்சுரேஷன். ஹீமோகுளோபின் 16, சாச்சுரேஷன் 95 என்றால் 20.4 மி.லி. ஹீமோகுளோபின் 10 என்றால் அதே 95-க்கு 12.7 மி.லி. மானிட்டரில் இரண்டு குழந்தையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இனி ரத்த ஓட்டம். இதயம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 200 மி.லி. தள்ளினால் முதல் குழந்தையின் திசுக்களுக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 41 மி.லி. ஆக்சிஜன் போகிறது. உடம்பு செலவழிப்பது 7 மி.லி. வாக்கில். ஆறில் ஒரு பங்கு எடுத்தால் போதும். இரண்டாவது குழந்தைக்கு ஓட்டமும் 120-க்கு இறங்கிவிட்டால் போய்ச் சேருவது 15 மி.லி. சொச்சம். அதிலிருந்து 7 எடுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட பாதியை உறிஞ்சியாக வேண்டும். அதற்கு மேல் உறிஞ்ச முடியாதபோது லாக்டேட் ஏறுகிறது. நீங்கள் சொன்ன குழந்தை அந்த விளிம்பில்தான் நிற்கிறது.

ஏன் பிறந்த முதல் நாளில் இப்படி ஆகிறது? தொப்புள்கொடியைக் கட்டியதும் நஞ்சுக்கொடி என்ற தாழ்ந்த எதிர்ப்புள்ள படுகை இடது இதயத்துக்கு இல்லாமல் போகிறது. குறைமாதக் குழந்தையின் இதயத்தசையில் சுருங்கும் நார்கள் குறைவு. எதிர்ப்பு திடீரென ஏறினால் அது தாங்காது. 30 வாரத்துக்கு உட்பட்டவர்களில் மேல் பெருஞ்சிரை (தலை, கைகளிலிருந்து இதயத்துக்கு வரும் சிரை) ஓட்டம் முதல் 12 மணி நேரத்தில்தான் மிகவும் தாழ்கிறது. ஓட்டம் திரும்பிய பிறகே பெரும்பாலும் மூளை ரத்தக்கசிவு வருகிறது. முதல் நாளை இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். சராசரி அழுத்தம் கர்ப்ப வார எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது ஒரு தோராய விதி மட்டுமே. அழுத்தம் என்பது ஓட்டமும் எதிர்ப்பும் பெருக்கியது. குளிரில் ரத்தக்குழாய் இறுகிக் கிடக்கும் குழந்தைக்கு அழுத்தம் 32 இருக்கும், ஓட்டம் இருக்காது.

கருவிப் பொறியாளர் | இரவு 10.05

டாக்டர் சொன்னதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. அந்த 95 குழந்தையோட 95 தானா, இல்ல கை கால்ல மாட்டற ப்ரோபோட (ஒளி சென்சார்) 95ஆ?

பல்ஸ் ஆக்சிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி ரெண்டையும் அனுப்பி, துடிக்கிற பாகம் எவ்வளவு உறிஞ்சுதுன்னு விகிதம் பாக்குது. துடிப்பு சின்னதா இருந்தா விகிதம் தடுமாறும். அதனால எண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடி மூணு பார்வை: அலை ஒழுங்கா வருதா, ப்ரோப் காட்டற துடிப்பும் ஈ.சி.ஜி. துடிப்பும் ஒண்ணா இருக்கா, பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ் (துடிப்போட பலத்தைக் காட்டற எண்) எவ்வளவு. இண்டெக்ஸ் 0.7க்குக் கீழ நின்னா அந்தக் கை கால்ல ஓட்டம் குறைவுன்னு எடுத்துக்கணும். பல மானிட்டர்ல இது மெனுவுக்குள்ள மறைஞ்சிருக்கும், திரைக்குக் கொண்டு வந்து வெச்சுடுங்க. சிஸ்டர் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் காசு செலவில்லாம அங்கயே கிடைக்கும்.

ஒளி விடற முகமும் வாங்கற முகமும் நேருக்கு நேர் இருக்கணும். உள்ளங்கை விளிம்புலயோ மணிக்கட்டுலயோ சுத்தும்போது ரெண்டும் விலகிட்டா ஒளி தோல் மேல்மட்டத்துலயே ஓடிடும், எண் 85 பக்கமா இழுக்கும். பெரியவங்க விரல் கிளிப்பைக் குழந்தை பாதத்துல மாட்டினாலும் இதே கோளாறுதான். மைக்ரோபோர் இறுக்கிச் சுத்தினா சிரையும் துடிக்க ஆரம்பிச்சு எண் இறங்கும், தோலும் புண்ணாகும். 3, 4 மணிக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க. போட்டோதெரபி விளக்குக் கீழ இருக்கற ப்ரோபை ஒளி புகாத துணியால மூடணும்.

நம்ம ஊருக்கே உரிய ஒண்ணு: உள்ளங்கால்ல வைக்கிற திருஷ்டிப் பொட்டு. கண்மைக் கரி ரெண்டு ஒளியையும் விழுங்கிடும். ப்ரோப் அது மேல உக்காந்தா "சிக்னல் லோ"ன்னு கத்திக்கிட்டே இருக்கும், நாம குழந்தை மோசமாயிடுச்சுன்னு ஓடுவோம். பொட்டை அழிக்கச் சொல்லிப் பாட்டிகிட்ட சண்டை வேண்டாம், அடுத்த கால்ல மாட்டுங்க. நெத்தியில மை இருந்தா நிர்ஸ் சென்சாருக்கும் இதேதான். அங்க மட்டும் துடைச்சே ஆகணும்.

இன்னொண்ணு, சராசரி எடுக்கற நேரம். 16 நொடி வெச்சிருந்தா சின்னச் சின்ன இறக்கமெல்லாம் மழுங்கிடும். பிரசவ அறையில 2 முதல் 4 நொடி வைங்க. அங்க முதல்ல ப்ரோபைக் குழந்தை வலது கையில மாட்டிட்டு, அப்புறம் கேபிளை மானிட்டர்ல சொருகினா எண் சீக்கிரம் வரும். 70க்குக் கீழ காட்டற எண்ணை "ரொம்பக் குறைவு"ன்னு மட்டும் படிங்க. 58ஆ 63ஆன்னு ஆராயறதுல பலன் இல்ல.

அஞ்செட்டி ஆரம்ப சுகாதாரம் | இரவு 10.31

எங்கள் பக்கம் இருந்து கேட்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாம் மேட்டுப்பகுதி. மலைக் கிராமத்துக் குழந்தைக்குச் சாச்சுரேஷன் இயல்பாகவே குறையுமா? இதயக் குறைபாட்டுக்கான பரிசோதனையில் எல்லையைத் தளர்த்த வேண்டுமா? நிறைய நீல நிறக் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவருகின்றன.

தகடூர் பச்சிளம் | இரவு 10.50

தளர்த்த வேண்டாம் டாக்டர். ஓசூர், தளி வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் வாக்கில். அங்கே மூச்சில் வாங்கும் ஆக்சிஜன் அழுத்தம் 150-லிருந்து 134 மி.மீ. அளவுக்கு இறங்கும். பச்சிளங்குழந்தையின் ஹீமோகுளோபின் பெரும்பகுதி கரு வகை. ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாதி நிரம்பும் அழுத்தம் அதற்கு 20 மி.மீ. பக்கம், பெரியவர்களுக்கு 27. ஆகவே இந்த உயரத்தில் ஒரு புள்ளி குறைந்தால் அதிகம். 2,000 மீட்டருக்கு மேலேதான் எல்லையைப் பற்றிய விவாதமே வருகிறது. அஞ்செட்டிக் குழந்தைக்கு 91 வந்தால் மலை மேல் பழி போடாதீர்கள்.

பரிசோதனை முறை: 24 மணி நேரம் ஆன பிறகு, குழந்தை விழித்து அமைதியாக இருக்கும்போது, வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும். வலது கையை விட்டு இடது கை கூடாது. வலது கைக்குப் போகும் ரத்தம் டக்டஸுக்கு (கருவில் மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும், பிறந்த பின் மூடும் குழாய்) முன்னால் பிரிகிறது. எதில் 90-க்குக் கீழே வந்தாலும் அப்போதே தோல்வி, மறுபடி பார்க்கக் காத்திருக்க வேண்டாம். 90 முதல் 94 வரை, அல்லது கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. 2011-இல் வந்த அமெரிக்க முறையில் கை, கால் இரண்டில் ஒன்று 95 இருந்து வித்தியாசம் 3-க்குள் இருந்தால் தேறியது, இரண்டு முறை திரும்பப் பார்க்கலாம். அண்மைத் திருத்தத்தில் இரண்டிலும் 95 வேண்டும், ஒரே முறைதான் திரும்பப் பார்க்க வேண்டும். நான் பின்னதைத்தான் சொல்வேன். வாகனம் கிடைக்க நேரமாகும் இடங்களில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு வீண்.

இதில் தப்பிவிடுவது மகாதமனிச் சுருக்கம். டக்டஸ் திறந்திருக்கும் வரை எண் நன்றாகவே இருக்கும். தொடையிடுக்கு நாடியை இரண்டு பக்கமும் விரலால் தொட்டுப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. காலில் எண் கையைவிட அதிகமாக வந்தால் ப்ரோப் தப்பு என்று ஒதுக்காதீர்கள். பெருநாளங்கள் இடம் மாறிய இதயத்தில், நுரையீரல் அழுத்தமும் சேர்ந்து ஏறியிருந்தால் அப்படி வரும்.

108 தொப்பூர் | இரவு 11.02

சார், ஒரு கேள்வி. நீலமா வர்ற குழந்தைக்குத் தலை மேல கவுத்தற ஹூட்ல ஆக்சிஜனை முழுசாத் திறந்து வெச்சுட்டு சேலம் கொண்டு போறோம். சாச்சுரேஷன் 80க்கு மேல ஏறலைன்னா இன்னும் கூட்டச் சொல்றாங்க. அது சரிதானா?

ஓசூர் எக்கோ | இரவு 11.20

இல்லை தம்பி. காரணம் தெரிந்தால் வழியில் முடிவெடுக்க எளிது.

சில இதயங்களில் உடம்புக்கோ நுரையீரலுக்கோ போகும் ரத்தம் முழுக்க டக்டஸை நம்பியே இருக்கிறது. ஆக்சிஜன் அதிகமானால் டக்டஸ் சுருங்கும், நுரையீரல் குழாய் எதிர்ப்பும் விழும். இடது இதயம் வளராத குழந்தைக்கு உடம்புக்குப் போக வேண்டிய ரத்தமெல்லாம் நுரையீரலுக்குப் பாய்ந்து, சாச்சுரேஷன் 95 ஆகிவிடும், லாக்டேட் 10 ஆகிவிடும். சிஸ்டர் தலைப்பில் கேட்டதன் உச்சம் இதுதான். இப்படிப்பட்ட குழந்தைக்கு 75 முதல் 85 வரைதான் இலக்கு. 100 சதவீத ஆக்சிஜனில் 10 நிமிடம் வைத்தும் வலது கைத் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் 100 மி.மீ. தாண்டவில்லை என்றால் நீல இதய நோயை நினைக்க வேண்டும். 150 தாண்டினால் அநேகமாக நுரையீரல் கோளாறு. அந்தச் சோதனையை முடித்ததும் ஆக்சிஜனைக் குறைத்துவிட வேண்டும், அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அனுப்பும் மருத்துவமனை டக்டஸைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ1 மருந்தைத் தொடங்கி அனுப்பட்டும். ஆம்பூல் 1 மி.லி.யில் 500 மைக்ரோகிராம். 50 மி.லி. சிரிஞ்சில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸோடு கலந்தால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். 3 கிலோ குழந்தைக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்றால் 0.05 × 3 × 60 = மணிக்கு 9 மைக்ரோகிராம், அதாவது மணிக்கு 0.9 மி.லி. டக்டஸ் திறந்ததும் 0.01, 0.02 வரை குறைக்கலாம். தனி வழியில் ஓட வேண்டும். அதே வழியில் வேறு மருந்தைத் தள்ளினால் ஒரே அடியாக உள்ளே போய் அழுத்தம் விழும். மூச்சு நிற்பதுதான் பெரிய ஆபத்து, 2 கிலோவுக்குக் குறைந்தவர்களில் இன்னும் அதிகம். பையும் மாஸ்க்கும் கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது.

108 தொப்பூர் | இரவு 11.34

நன்றி டாக்டர். சிலிண்டர் கணக்கு எங்க ஆளுங்களுக்காகப் போடறேன். பி டைப் நிறைஞ்சது 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 8 லிட்டர் போனா மூணு மணி நேரம். பயண நேரத்தைப் போல ரெண்டு மடங்கு இருப்பு இருக்கணும். தொப்பூர் கணவாயில லாரி கவுந்தா எவ்வளவு நேரம் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. கணவாய் வளைவுல ஆட்டத்துல சாச்சுரேஷன் அலை உடைஞ்சுதான் வரும், அங்க ஈ.சி.ஜி. துடிப்பையும் நெஞ்சு ஏறி இறங்கறதையும் பாத்துக்கணும். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியக்காலையில ஏத்தற குழந்தைக்குக் குல்லா, பிளாஸ்டிக் உறை, வண்டி உள்ளே சூடு, மூணும் முதல்ல. குளிர்ந்த கால்ல ப்ரோப் வேலையே செய்யாது.

அரூர் முதுநிலை | இரவு 11.50

நிர்ஸ் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே. திசு ஆக்சிஜனை நேராகக் காட்டும் கருவி இருக்கும்போது அதைத்தானே கேட்க வேண்டும்? 2015-இல் வந்த சேஃப்பூஸ்க் 2 ஆய்வில் 166 குழந்தைகள். நிர்ஸைப் பார்த்து மருத்துவம் செய்த குழுவில் மூளை ஆக்சிஜன் குறைந்திருந்த சுமை பாதிக்கும் கீழே இறங்கியது.

தகடூர் பச்சிளம் | இரவு 12.15

எண்ணைச் சரிசெய்ய முடிந்தது, உண்மை. குழந்தைக்கு அதனால் நன்மை உண்டா என்று பார்த்த பெரிய ஆய்வு 2023-இல் வந்தது. சேஃப்பூஸ்க் 3: 28 வாரத்துக்கு உட்பட்ட 1,601 குழந்தைகள். மரணமோ கடுமையான மூளைப் பாதிப்போ நிர்ஸ் குழுவில் 35.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 34.0. வித்தியாசம் இல்லை. அதே ஆண்டில் வந்த காஸ்காட் 3, பிறந்த முதல் 15 நிமிடம் மட்டும் நிர்ஸ் வைத்துப் பார்த்தது, 607 குழந்தைகள். மூளைப் பாதிப்பில்லாமல் பிழைத்தவர்கள் 82.9-க்கு 78.5, சாதகமாகத் தெரிந்தாலும் புள்ளியியல் உறுதி கிடைக்கவில்லை.

இதை வைத்து நிர்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரிந்த கைகளும், செய்வதற்கான மற்றக் கருவிகளும் இருந்தால்தான் அதற்குப் பொருள். மூளை எண் இறங்கியது என்று வையுங்கள். சாச்சுரேஷன் இறங்கியதா, ஹீமோகுளோபின் குறைவா, ஓட்டம் குறைவா, அல்லது வென்டிலேட்டர் வேகமாக அடித்துக் கார்பன் டை ஆக்சைடு 30-க்கு இறங்கி மூளைக் குழாய் சுருங்கிவிட்டதா? நான்குக்கும் மருத்துவம் வேறு. ரத்த வாயுப் பரிசோதனை இல்லாத இடத்தில் நான்காவதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே ஆக்சிஜனைக் கூட்டுவார்கள், கண் திரைக்குத்தான் கேடு.

கருவிப் பொறியாளர் | காலை 6.40

நிர்ஸ் வாங்கறவங்களுக்குத் தெரிய வேண்டியது. இது துடிக்கிற ரத்தத்தைப் பிரிச்சுப் பாக்கறதில்ல. சென்சாருக்குக் கீழ உள்ள ரத்தம் மொத்தத்தையும் பாக்குது, அதுல 70, 75 சதவீதம் சிரை ரத்தம். அதனால திசு எடுத்தது போக மிச்சம் என்னன்னு காட்டற எண் இது. பேசவேண்டிய கணக்கு: சாச்சுரேஷன்ல இருந்து நிர்ஸ் எண்ணைக் கழிச்சு, சாச்சுரேஷனால வகுக்கறது. 94ம் 70ம்னா 24 ÷ 94 = 0.26. மூளை நாலுல ஒரு பங்கு எடுக்குது. அதே 94க்கு நிர்ஸ் 50 வந்தா 0.47, கிட்டத்தட்ட பாதி.

சென்சார் வகை மாறினா எண்ணும் மாறும். 55 முதல் 85 வரைன்னு எல்லாரும் சொல்ற எல்லை பெரியவங்களுக்கான சென்சாரை வெச்சு வந்தது. பச்சிளங்குழந்தை சென்சார் அதே மூளைக்கு 10 புள்ளி வரை கூடக் காட்டும். அங்க 60ன்னு வந்தா "55க்கு மேலதானே"ன்னு விட்டுடக் கூடாது. எந்தச் சென்சார்னு சார்ட்ல எழுதுங்க.

நெத்தியில ஒரு பக்கமா, நடுக்கோட்டை விட்டுத் தள்ளி ஒட்டணும். நடுவுல பெரிய சிரைக்குழி இருக்கு. முடி மேல கூடாது. தலையில ரத்தக்கட்டி இருக்கற பக்கம் கூடாது, தேங்கின ரத்தத்தைத்தான் அளக்கும். 28 வாரத்துக்குக் கீழ இருந்தா ஒட்டற முகத்துல மெல்லிய சிலிகான் படலம் வெச்சு ஒட்டுங்க, எடுக்கும்போது தோல் உரிஞ்சு வந்துடும். ஒரு குழந்தைக்கு ஒரு சென்சார், விலை ஆயிரக்கணக்குல. கருவியை நன்கொடையா வாங்கி, சென்சார் தீர்ந்ததும் அலமாரியில தூங்கற நிலை வந்துடக் கூடாதுன்னா சென்சாருக்கான செலவையும் ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

ஓசூர் எக்கோ | காலை 7.15

நிர்ஸ் இருந்தால் இரண்டாவது சென்சாரை இடுப்புப் பக்கத்தில், சிறுநீரகத்தின் மேல் ஒட்டச் சொல்வேன். ஓட்டம் குறையும்போது உடம்பு மூளையைக் காப்பாற்றும், சிறுநீரகத்தையும் குடலையும் விட்டுக்கொடுக்கும். நலமான குழந்தையில் சிறுநீரக எண் மூளை எண்ணைவிட அதிகமாகவே இருக்கும். அது மூளை எண்ணுக்குக் கீழே இறங்கினால் பெரிய டக்டஸையோ குறைந்த ஓட்டத்தையோ தேட வேண்டும். சிஸ்டர் சொன்ன குழந்தையில் சிறுநீர் நிற்பதற்கு முன்னாலேயே அது இறங்கியிருக்க வாய்ப்பு நிறைய.

ஆனாலும் முதல் செலவு எக்கோவுக்குத்தான் (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிப்பது) என்பது என் உறுதியான கருத்து. இருக்கும் எக்கோ கருவிக்கு 8 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் பச்சிளங்குழந்தை ப்ரோப் ஒன்று வாங்கினாலே வேலை தொடங்கிவிடும்.

இடது இதய வெளியேற்றம் அளப்பது இப்படி. மார்பெலும்புக்கு இடப்பக்க நீள்வாக்குக் காட்சியில் மகாதமனி வால்வு விரிந்திருக்கும் கணத்தில் விட்டத்தை அளக்க வேண்டும். இதய முனைக் காட்சியில் வால்வுக்கு நேராக, ரத்த வேகத்தை அளக்கும் டாப்ளர் வைத்து ஒரு துடிப்பின் அலைப் பரப்பை எடுக்க வேண்டும். கோணம் 20 பாகைக்கு மேல் சாயக் கூடாது. விட்டம் 0.8 செ.மீ. என்றால் பரப்பு 0.50 ச.செ.மீ. அலைப் பரப்பு 10 செ.மீ., துடிப்பு 140, எடை 3 கிலோ: 0.50 × 10 × 140 ÷ 3 = கிலோவுக்கு நிமிடத்துக்கு 235 மி.லி. பக்கம். 150 முதல் 300 வரை இயல்பு.

இங்கே பிழை எங்கே நுழைகிறது? விட்டத்தில். அது வர்க்கமாகிறது. அரை மில்லிமீட்டர் குறைத்து 0.75 என்று எடுத்தால் அதே குழந்தைக்கு 206 வரும். பார்ப்பவர் மாறினால் விட்டம் மாறும். அதனால் முதல் நாள் எடுத்த விட்டத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த அளவில் அலைப் பரப்பை மட்டும் புதிதாக எடுங்கள். ஏற்ற இறக்கம் நம்பகமாகத் தெரியும். டக்டஸ் பெரிதாகத் திறந்திருந்தால் இடது வெளியேற்றம் 350 கூட வரும், ஆனால் அதில் பெரும்பகுதி நுரையீரலுக்கே திரும்பிவிடும். அப்போது மேல் பெருஞ்சிரை ஓட்டத்தைப் பாருங்கள். கிலோவுக்கு நிமிடத்துக்கு 40 மி.லி.க்குக் கீழே இறங்கினால் கவலை. இறங்கு மகாதமனியில் இதயம் விரியும் நேரத்தில் ரத்தம் பின்னோக்கிப் போனால் டக்டஸ் திருடுகிறது. விட்டம் 1.5 மி.மீ.க்கு மேல், இடது மேலறைக்கும் மகாதமனிக்கும் விகிதம் 1.5-க்கு மேல் என்பவையும் சேர்ந்தால் சந்தேகமில்லை. திறந்த டக்டஸை எல்லாம் மருந்து கொடுத்து மூட வேண்டும் என்பதை அண்மை ஆய்வுகள் தாங்கவில்லை. ஓட்டத்தைக் கெடுக்கிறதா என்பதே கேள்வி.

சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை என்றால் மருந்துக்கு முன் எக்கோ கட்டாயம். இதயத்தின் நடுச்சுவர் தடித்து வெளிவழியை அடைத்திருக்கும். அங்கே இதயத்தை வலுவாகச் சுருங்க வைக்கும் டோபுடமினோ அட்ரினலினோ போட்டால் அடைப்பு இறுகி ஓட்டம் இன்னும் விழும். அந்தக் குழந்தைக்கு நீர் கொடுத்து, துடிப்பின் வேகத்தைத் தணிக்க வேண்டும்.

அரூர் முதுநிலை | காலை 8.02

பிறந்ததும் அழாத குழந்தையில் எங்களுக்கு மாறாகத் தெரிகிறது. நிர்ஸ் உள்ள இடங்களின் பதிவுகளில் இரண்டாம் நாள் மூளை எண் 90 வரை ஏறுகிறது. அது நல்லதுதானே?

தகடூர் பச்சிளம் | காலை 8.30

அது கெட்ட செய்தி. மூளை ஆக்சிஜனை எடுக்கவில்லை என்று பொருள். மூச்சடைப்புக்குப் பிறகு 24 மணி நேரம் கடந்து மூளை எண் உயர்ந்தே நின்றால், செல்கள் செயலிழந்து, குழாய்கள் தளர்ந்து ரத்தம் சும்மா வந்து போகிறது. திசு எண்ணைப் படிக்கும்போது மேல் எல்லையும் கீழ் எல்லையும் சம அளவு முக்கியம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

இதே குழந்தையில் இதயமும் அடிபட்டிருக்கும். கல்லீரல் இரண்டு விரலுக்கு மேல் இறங்கியிருந்தால் மறுபடி மறுபடி சலைன் ஏற்றாதீர்கள். சுருங்காத இதயத்துக்கு அது பாரம். டோபுடமின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5-இல் தொடங்கி 10 மைக்ரோகிராம் வரை போகலாம். ரத்தச் சர்க்கரை, அயனிக் கால்சியம் இரண்டையும் முதலில் சரி செய்யுங்கள். பச்சிளங்குழந்தையின் இதயத்தசை வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியே சுருங்குகிறது.

குளிரூட்டும் மருத்துவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பது பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் செய்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-இல் வந்தது. குளிரூட்டிய குழுவில் இறந்தவர்கள் 42 சதவீதம், மற்றக் குழுவில் 31. ஐஸ் பை வைத்துச் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதே நம் பக்கத்தில் செய்ய வேண்டியது.

அஞ்செட்டி ஆரம்ப சுகாதாரம் | காலை 8.55

எண் 85-இல் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன் கொடுத்தாலும் நகராத குழந்தையைப் பற்றியும் ஒரு வரி. போர்வெல் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுக்கும் வீடுகளில் நைட்ரேட்டை நினைக்க வேண்டும். லிட்டருக்கு 45 மி.கி. தாண்டிய தண்ணீர் குடிக்கத் தகாதது என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, இன்னும் செறிவாகும். ஹீமோகுளோபின் உருமாறிவிடுவதால் ரத்தம் காற்றில் வைத்தாலும் சாக்லேட் நிறத்திலேயே இருக்கும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்து, இயல்பான ரத்தச் சொட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உடனே தெரியும். மெத்திலீன் புளூ கிலோவுக்கு 1 மி.கி., 5 நிமிடத்தில் மெதுவாகச் சிரையில். ஜி6பிடி (சிவப்பணுவில் உள்ள நொதி) குறைபாடு இருந்தால் கூடாது, ரத்த அணுக்கள் உடையும்.

பென்னாகரம் செவிலி | காலை 9.20

எல்லாருக்கும் நன்றி. அப்ப என் குழந்தைக்கு வரிசை என்ன சார்? இப்ப கையில இருக்கறதை வெச்சு.

தகடூர் பச்சிளம் | காலை 9.48

முதலில் அக்குள் வெப்பம். 36.5-க்குக் கீழே இருந்தால் சூடாக்குங்கள், பாதி எண்கள் தானாக மாறும். கூடவே சர்க்கரை, ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), ரத்த வாயு. ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக். 20 மணி நேரத்தில் இப்படி வந்தால் தொற்று இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை தொற்றுதான். சிபேப் அழுத்தத்தைக் கவனியுங்கள். 7, 8-க்கு ஏற்றினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், ஆகவே 5 போதுமென்றால் 5-லேயே வையுங்கள். ரத்த இழப்பு சந்தேகம் இருந்தாலோ, கல்லீரல் பெருகாமல் இருந்தாலோ சலைன் கிலோவுக்கு 10 மி.லி., அரை மணி நேரத்தில், ஒரே முறை. வேகமாகத் தள்ளினால் மூளை ரத்தக்கசிவுக்கு வழி. துடிப்பு 160-க்கு இறங்குகிறதா, நிறம் திரும்புவது 3 நொடிக்குள் வருகிறதா, லாக்டேட் 4 மணி நேரத்தில் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் எக்கோ பார்க்காமல் இரண்டாவது முறை சலைன் வேண்டாம்.

சாச்சுரேஷன் 94-இல் இருப்பதால் ஆக்சிஜனைக் கூட்டுவதில் பயனே இல்லை. இலக்கு 90 முதல் 95. அலாரம் கீழே 89, மேலே 96. ஆக்சிஜன் ஓடும்போது மேல் அலாரத்தை அணைத்து வைக்கவே கூடாது. 34 வாரத்துக்குக் குறைந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைக்கும் நான்காவது வாரத்துக்குள் கண் திரைப் பரிசோதனை.

கருவிப் பொறியாளர் | காலை 10.10

நிதி வந்தா என் வரிசை: காற்றையும் ஆக்சிஜனையும் அளவாக் கலக்கற பிளெண்டரும் கம்ப்ரெஸரும், உபரி ப்ரோபுகள், லாக்டேட்டோட ரத்த வாயுக் கருவி, எக்கோ ப்ரோப். நிர்ஸ் அதுக்கப்புறம். பிளெண்டர் வர்ற வரைக்கும் ரெண்டு ஃப்ளோ மீட்டரை ஒய் இணைப்புல சேருங்க. மொத்தம் 10 லிட்டர்ல ஆக்சிஜன் 1, காற்று 9 வெச்சா 29 சதவீதம். 2ம் 8ம்னா 37. 3ம் 7ம்னா 45. இதை எழுதி சிபேப் ஸ்டாண்டுல ஒட்டிடுங்க.

பென்னாகரம் செவிலி | காலை 10.25

லாக்டேட் குதிகால்ல குத்தித்தான் எடுக்கறோம். சில சமயம் 5, அடுத்த பத்து நிமிஷத்துல 2.8. எதை எழுதறது?

கருவிப் பொறியாளர் | காலை 10.41

பிதுக்கி எடுத்தா லாக்டேட் பொய்யா ஏறும் சிஸ்டர். குதிகாலைச் சூடான துணியில 3, 5 நிமிஷம் சுத்தி வெச்சு, தானா ஊறி வர்ற சொட்டை எடுங்க, முதல் சொட்டைத் துடைச்சுடுங்க. எடுத்த ரத்தத்தை உடனே கருவியில போடணும். வெளிய நின்னா செல்லே சர்க்கரையைத் தின்னு லாக்டேட்டைக் கூட்டிடும். கார்ட்ரிட்ஜ் வகைக் கருவின்னா ஃப்ரிட்ஜ்ல 2 முதல் 8 டிகிரி, பயன்படுத்தறதுக்கு 5 நிமிஷம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க. வெளிய வெச்சதைத் திரும்ப உள்ள வைக்கக் கூடாது. சந்தேகமா இருந்தா ஒரு தடவை தமனியில இருந்தோ தொப்புள் சிரைக் குழாய்ல இருந்தோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. சார்ட்ல எண்ணோட பக்கத்துல எங்கிருந்து எடுத்ததுன்னும் எழுதுங்க.